நொய்யல் கரைப் புதையல்கள்: ஒரு மேசை ஆட்டத்தின் நிகழ்வு ஆய்வு

ஈரோட்டில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடி அறையில், இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஞாயிறு மாலையில், ஐந்து பேர் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நான் மாஸ்டராக நடத்தி வருகிறேன்: கதைக்களத்தை நான் விவரிப்பேன், ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக முடிவெடுப்பார்கள், பலனைப் பகடை சொல்லும். 14-ஆவது அமர்வில் ஆட்டக்காரர்கள் ஒரு மலைக்குகையின் அடியில் மரப்பெட்டி ஒன்றைத் திறந்தார்கள். உள்ளே 800 பொற்காசுகள் இருப்பதாகச் சொன்னேன். குழுவின் கணக்கை எழுதும் பொறுப்பில் இருப்பவர் மஞ்சள் மண்டி ஒன்றில் பிழைப்புக்கும் கணக்கெழுதுகிறவர். அவர் தலையை நிமிர்த்தாமலே, "எழுதிக்கிட்டனுங்ணா, அடுத்த ரூமுக்குப் போலாமுங்களா?" என்று கேட்டார். மண்டியில் ஐந்து ரூபாய் இடித்தால் சிட்டையை மூன்று முறை கூட்டிப் பார்க்கிற மனிதர் அவர். அவருக்கே 800 பொற்காசு ஒரு வரி எழுத்தாகத் தேய்ந்துவிட்டது என்றால், கோளாறு காசை வைத்த என்னிடம் இருக்கிறது என்று அன்றிரவு புரிந்துகொண்டேன்.

அதற்குப் பிந்தைய ஒன்பது அமர்வுகளில், 15 முதல் 23 வரை, காசுப் பெட்டிகளை அடியோடு நிறுத்திவிட்டு வேறு வகைப் புதையல்களை வைத்துப் பார்த்தேன். எவை பிடித்தன, எவை பிடிக்கவில்லை, ஏன் என்பதைப் பதிவு செய்வதே இந்த ஆய்வின் நோக்கம். மண்டிக் கணக்கர் போக, குழுவில் திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருப்பவர், பள்ளி ஆசிரியை ஒருவர், வேளாண் கல்லூரி மாணவர், காங்கேயம் பக்கம் மாடு வளர்க்கும் குடும்பத்து இளைஞர் ஆகியோர் இருக்கிறார்கள். இவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்பது ஆட்டத்துக்கு வெளியே நிற்கும் செய்தி என்றுதான் முதலில் எண்ணியிருந்தேன்.

கோளாறின் வேர் விதிகளின் வரலாற்றில் இருக்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட முதல் விதிகளில், குகையிலிருந்து மீட்டு வரும் ஒவ்வொரு பொற்காசும் ஓர் அனுபவப் புள்ளியாகக் கணக்கிடப்பட்டது. அதாவது காசு சேரச் சேரக் கதாபாத்திரம் வளரும். அந்தக் காசுக்குக் கனமும் இருந்தது. 1970-களின் இறுதியில் வந்த விரிவான பதிப்பில் பத்துக் காசு ஒரு பவுண்டு எடை என்பதால், 800 காசு என்பது 36 கிலோ, ஏறத்தாழ முக்கால் சிமெண்ட் மூட்டை. அதை யார் சுமப்பது, ஓட நேர்ந்தால் எதைக் கீழே போடுவது என்று ஆட்டக்காரர்கள் சண்டையிட்டே ஆகவேண்டும். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பையே நாங்கள் ஆடுகிறோம். அதில் 50 காசு ஒரு பவுண்டு. அதே 800 காசு ஏழு கிலோவுக்குச் சற்று மேல். அனுபவப் புள்ளி பெரும்பாலும் எதிரிகளை வெல்வதில் கிடைக்கிறது. கடையில் கிடைக்கும் கவசங்களில் விலை உயர்ந்த முழுத் தகட்டுக் கவசம் 1,500 பொற்காசு. அதை வாங்கி மாட்டிக்கொண்ட பிறகு போர்வீரனுக்குக் காசால் ஆகவேண்டிய காரியம் அதிகமில்லை. வளர்ச்சியும் கனமும் தேவையும் கழன்றுபோன பின் பொற்காசு வெறும் எண்ணாக மிஞ்சுகிறது.

முதல் மாற்றாக நான் செய்தது எல்லோரும் செய்வதுதான்: விசித்திரத்தை வைத்தேன். பேசும் செருப்பு, எப்போதும் ஈரமாக இருக்கும் சாவி, பகலில் கண்ணை மூடிக்கொள்ளும் மண்டையோடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரிப்பு கிடைத்தது. அந்தச் சிரிப்போடு அந்தப் பொருளின் ஆயுளும் முடிந்தது. பேசும் செருப்பு இன்றைக்கும் கணக்கரின் நோட்டில் "செருப்பு (பேசும்) 1" என்று கிடக்கிறது. 15-ஆவது அமர்வுக்குப் பின் அது ஒரு சொல்லும் பேசவில்லை, பேசு என்று யாரும் கேட்கவும் இல்லை. வியப்பு மட்டும் போதாது என்பதற்கு இந்தச் செருப்பை விட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

16-ஆவது அமர்வில் கதைக்களத்தை மாற்றினேன். வரைபடத்தின் கிழக்கு மூலையில், நொய்யலைப் போல் மேற்கு மலையில் பிறந்து கிழக்கே ஓடிப் பேராற்றில் கலக்கும் ஓர் ஆற்றை வரைந்து, அதன் வடகரையில் கைவிடப்பட்ட ஓர் ஊரை வைத்தேன். கொடுமணல்தான் அதற்கு முன்மாதிரி. சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் உள்ள அந்த ஊரில் 1980-களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் மணி செய்யும் பட்டறைகளின் எச்சங்கள், இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள், தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள், கல்லறைகளைச் சுற்றிய கல்வட்டங்கள் எல்லாம் வெளிப்பட்டன. ஓர் ஈமச்சின்னத்தில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. "கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்" என்று பதிற்றுப்பத்து சொல்வது இந்த ஊரின் கைவேலையைத்தான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கற்பனை நாட்டுக்குப் புதையல் தேடி வேறெங்கும் போகவேண்டிய தேவை இல்லாத மண்ணில் உட்கார்ந்துகொண்டு, நான் மண்டையோட்டுக்குக் கண்மூடக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

அந்த ஊரில் வைத்த முதற்பொருள் எதிர்பாராத அளவுக்கு வேலை செய்தது. அது ஒரு கறுப்பு-சிவப்பு மண்கலம். மந்திரம் எதுவும் கிடையாது, விலையும் கிடையாது. கழுத்துக்குக் கீழே ஒரு பெயர் மட்டும் கீறப்பட்டிருந்தது. கொடுமணல் ஓடுகளில் வரும் ஆதன் என்னும் பெயரையே எடுத்துக்கொண்டேன். வழக்கமாகக் கல்லறைக்குள் புகுந்ததும் கைக்குக் கிடைத்ததையெல்லாம் பையில் போடும் குழு, அன்று அந்தக் கலத்தின் முன் நின்றது. ஆசிரியை சொன்னார்: "பேரு வெட்டியிருக்குதுங்களே, அப்பொறம் எப்படி எடுக்கறது?" சீராக வந்த பித்தளை அண்டாவிலும் எவர்சில்வர் தூக்கிலும் பெயர் வெட்டியிருப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் எல்லோரும், விசேஷ வீட்டில் மாறிப்போன பாத்திரம் பெயரைப் பார்த்துத் திரும்பி வந்துவிடும் என்பது இங்கே எழுதாத சட்டம். பெயரில்லாத 800 காசை யோசிக்காமல் அள்ளியவர்கள், பெயருள்ள ஒரு மண்கலத்தை எடுக்கலாமா என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். கடைசியில் எடுத்துக்கொண்டு கிளம்பியது விற்பதற்கு அன்று, ஆதனின் வழிவந்தோர் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று தேடுவதற்கு. அந்தத் தேடலே அடுத்த மூன்று அமர்வுகளின் கதையாகிவிட்டது. அதை நான் திட்டமிடவில்லை.

இதற்கு நேர் எதிராகத் தோற்றது, நான் மிகவும் நம்பியிருந்த எஃகு வாள். உலோகம் உருக்கும் சிறு மண்கிண்ணத்தில் இரும்பையும் கரியையும் அடைத்து, காற்று புகாமல் மூடி, துருத்தி ஊதி, கரியேறிய எஃகை உருவாக்கும் முறையைப் பத்து நிமிடம் விவரித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த மெர்ச்சண்டைசர், "பிளஸ் எத்தனைங்க?" என்றார், அதாவது பகடையில் விழும் எண்ணோடு வாள் எவ்வளவு கூட்டித் தரும் என்று. பிளஸ் ஒன்று என்றேன். அவர் எழுதிக்கொண்டார், வாளின் கதை அத்துடன் முடிந்தது. ஒரு பொருளுக்கு எண்ணில் பயன் கொடுத்துவிட்டால், அந்த எண் அதன் வரலாறு முழுவதையும் விழுங்கிவிடுகிறது. உலையை ஆட்டக்காரர்களே ஊத வேண்டியிருந்தால் விளைவு வேறாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அதை இன்னும் செய்து பார்க்கவில்லை.

ரோமக் காசு பாதி வெற்றி. கோயம்புத்தூர் அருகே வெள்ளலூரில் 1842-இல் 500-க்கும் மேற்பட்ட ரோம வெள்ளிக் காசுகள் ஒன்றாகக் கிடைத்தன. புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த பொற்காசுக் குவியலில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் மேல் உளியால் ஒரு வெட்டு இருந்தது. இரண்டையும் கலந்து, முகம் வெட்டப்பட்ட அயல்நாட்டுக் காசுகளைக் குழுவுக்குக் கொடுத்தேன். அவை காசாகச் செல்லாது, எடைக்குத்தான் போகும். யார் வெட்டினார்கள், ஏன் என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

இந்த ஒன்பது அமர்வுகளிலும் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டதும், ஆராயத் தக்கதும், 18-ஆவது அமர்வின் சோளக்குழி. குதிர் கொள்ளாத சோளத்தை நிலத்துக்கு அடியில் குழி வெட்டிச் சேமிப்பது கொங்கு நாட்டில் முன்பு வழக்கமாக இருந்தது. வாய் குறுகி வயிறு அகன்ற குழி. உட்சுவரை மெழுகி, வைக்கோல் பரப்பி, தானியத்தைக் கொட்டி, வாயைக் கல்லால் மூடி மண்ணைப் போட்டுவிடுவார்கள். மூடிய குழிக்குள் தானியம் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கும். உள்ளிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து கரியமில வாயு சேரும். அது காற்றை விடக் கனமானது என்பதால் வாயைத் திறந்த பின்னும் அடியில் தங்கி நிற்கும். திறந்த சூட்டோடு இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். நிதியறைக்கு நூற்றெட்டுப் பொறிகளை யோசித்த எனக்கு, இதைவிட நேர்மையான பொறி கிடைத்ததில்லை. அம்பு பாய்வதில்லை, கல் உருள்வதில்லை, வைத்தவனுக்கு யாரையும் கொல்லும் எண்ணமும் இல்லை.

குழுவின் திருடன் பாத்திரத்தை ஆடுவது மெர்ச்சண்டைசர். கல்லைப் புரட்டியதும், கயிறு கட்டி இறங்குகிறேன் என்று இருபதுமுகப் பகடையைக் கையில் எடுத்தார். மாட்டுக்கார வீட்டு இளைஞர் அவர் கையைப் பிடித்தார். கதையில் அல்ல, மேசையில். "இருங்ணா. வெளக்கு உட்டுப் பாக்கோணும்." அவர்கள் வீட்டுக் கிணற்றில் தூர் வாரும்போது அவர் அப்பாரு (தாத்தா) செய்வதைப் பார்த்திருக்கிறார். கயிற்றில் அகல்விளக்கைக் கட்டி இறக்கினார்கள். மூன்று முழம் வரைக்கும் சுடர் நின்றது என்றேன். நான்காவது முழத்தில் சுடர் ஒடுங்கி, நீண்டு, சத்தமில்லாமல் அணைந்தது என்றேன். மேசையில் யாரும் பேசவில்லை. பகடை உருளாத அந்த நொடியில் இருந்த அச்சத்தை, அதற்கு முந்தைய அமர்வுகளில் எந்தப் பூதத்தாலும் என்னால் வரவழைக்க முடிந்ததில்லை.

குழி ஆறும்வரை காத்திருக்க வேண்டும். துரத்தி வரும் கொள்ளைக் கூட்டம் பின்னால் இருக்கிறது. வேளாண் மாணவர் போர்வைகளைக் கட்டி விசிறியாக்கி, காற்றை உள்ளே தள்ளும் ஒரு ஏற்பாட்டைச் சொன்னார்; ஏற்றுக்கொண்டேன். இறங்கிப் பார்த்தால் உள்ளே இருந்தது சோளம்தான், வேறொன்றும் இல்லை: ஏறத்தாழ 2,000 கிலோ. ஐந்தாம் பதிப்பின் விலைப்பட்டியலில் ஒரு பவுண்டு கோதுமை ஒரு செப்புக்காசு, 100 செப்புக்காசு ஒரு பொற்காசு. சோளத்துக்கும் அதே விலையைப் போட்டால் குழி முழுவதும் சேர்ந்து 44 பொற்காசு. 800 பொற்காசை ஒரு வரியில் முடித்த கணக்கர், இந்த 44-க்காக இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினார்: எத்தனை மூட்டை, எத்தனை வண்டி, இரவில் எத்தனை நடை, மேல்பரப்பில் பூஞ்சை பிடித்த ஒரு சாண் கழிவு போக மிச்சம் எவ்வளவு. மூன்று கல் தொலைவில் பஞ்சத்தில் கிடக்கும் ஊர் ஒன்று இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். சோளத்தை மதிப்புள்ளதாக்கியது விலைப்பட்டியல் அன்று, அந்த ஊர்.

அங்கேயே அடுத்த சிக்கலும் முளைத்தது. குழி இருந்த நிலம் ஒரு கிழவியுடையது. அவள் வந்து தடியை ஊன்றி நின்றதும், நம் நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ள 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தை அப்படியே ஆட்டத்துக்குள் கொண்டுவந்தேன். அந்தச் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் இல்லாத பொருள் என்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசு அதைத் தனக்கு எடுத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போய்ச் சிறையும் உண்டு. கற்பனை ஆட்டங்களுக்கென்றே எழுதியது போல் இருக்கும் இந்தச் சட்டத்தை மாஸ்டர்கள் யாரும் பயன்படுத்தாதது எனக்கு வியப்புத்தான். ஆனால் கிழவி ஒரு கேள்வி கேட்டாள்: குழியை வெட்டியது என் மாமனார், அப்புறம் இது புதையலா, என் வீட்டுச் சோளமா? உரிமையாளர் தெரிந்துவிட்டால் பங்கு என்ற பேச்சே எழாது. குழு முழுச் சோளத்தையும் அவளிடம் ஒப்படைத்து, சுமைகூலியாகப் பத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டது. அதையும் ஊருக்கே கொடுத்தது. கணக்கர் நோட்டில் அந்த அமர்வின் வரவு: சுழியம்.

காலிங்கராயன் வாய்க்காலை வைத்துச் செய்தது சிறிய சோதனை. 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் பவானி ஆற்றிலிருந்து நொய்யல் வரை வெட்டிய அந்த வாய்க்காலின் தண்ணீரைத் தானும் தன் வழிவந்தோரும் அனுபவிப்பதில்லை என்று சூளுரைத்து, பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்தான் என்பது வழிவழிச் செய்தி. ஆட்டத்தில் அது ஒரு செப்பேடாயிற்று: வைத்திருப்பவர் சொன்ன திசையில் தண்ணீர் திரும்பும், ஆனால் திருப்பிய தண்ணீரில் ஒரு துளியும் அவர் வாயில் படக்கூடாது. மெர்ச்சண்டைசர் உடனே சட்ட ஓட்டை தேடினார்: அந்தத் தண்ணீரில் விளைந்த இளநீரைக் குடிக்கலாமா, அந்தத் தண்ணீர் குடித்த மாட்டின் பாலைக் குடிக்கலாமா? என்னிடம் விடை இல்லை. இதுபோன்ற நிபந்தனைப் பொருளை வைக்கும் மாஸ்டர், இளநீர் வரைக்கும் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும், நான் யோசிக்கவில்லை. செப்பேடு ஆசிரியையிடம் இருக்கிறது. இதுவரை ஒரே ஒருமுறை பயன்படுத்தியிருக்கிறார்.

கடைசியாக, 20-ஆவது அமர்வில் வைத்த கன்று. கிளுவை வேலி சூழ்ந்த ஒரு கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்), படல் சாத்திக் கிடக்க, உள்ளே ஆளில்லாமல் ஒரு செந்நிறக் கன்று நிற்கிறது. விலைப்பட்டியலில் பசு பத்துப் பொற்காசு, எருது பதினைந்து. கன்றின் சிறப்பை அறிவதற்கு மந்திரத்தைப் பயன்படுத்த முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். வழக்கமான அடையாள மந்திரத்துக்கு 100 பொற்காசு மதிப்புள்ள ஒரு முத்து இருந்தால் போதும், எந்தப் பொருளின் மர்மமும் ஒரு வரியில் தீர்ந்துவிடும். இங்கே சுழியைப் பார்த்துத்தான் அறியவேண்டும். மாட்டின் உடலில் மயிர் சுழித்திருக்கும் இடத்தையும் விதத்தையும் வைத்து ராஜசுழி, கோபுரச்சுழி என்று நல்லதும், பாடைச்சுழி, துடைப்பச்சுழி என்று ஆகாததும் பிரித்துச் சொல்வது சந்தைக்குப் போகிறவர்கள் அறிந்த கணக்கு. கன்றின் உடலை ஒரு தாளில் வரைந்து, ஐந்து இடங்களில் சுழி போட்டுக் கொடுத்தேன். எது எந்தச் சுழி என்று சொல்லவில்லை.

21-ஆவது அமர்வில் ஒரு தரகர் கன்றை விலைக்குக் கேட்டார். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் நடப்பது போலவே, துண்டைப் போட்டு அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசினேன். தரகராக நான், கன்றுக்காரராக இளைஞர், எங்கள் கைகளின் மேல் ஒரு ஈரிழைத் துண்டு. மூன்று விரலைப் பிடித்தேன். அவர் தலையசைத்து மறுத்து என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து, விட்டு, மறுபடி இரண்டைப் பிடித்தார். மற்ற நால்வருக்கும் விலை தெரியவில்லை. எத்தனை, எத்தனை என்று எழுந்து நின்றார்கள். ஓர் எண் மறைந்திருக்கும்போதுதான் அது எவ்வளவு கனமானது என்பதை, காசைப் பெட்டி பெட்டியாகக் கொட்டிய மாதங்களில் நான் உணரவே இல்லை. பேரம் படியவில்லை. எவ்வளவுக்குக் கேட்டேன் என்பதை அவர் இன்றுவரை குழுவுக்குச் சொல்லவில்லை. அதனால் இரண்டு பேருக்கு அவர்மேல் வருத்தம்.

காங்கேயம் கன்று சிவப்பாகப் பிறந்து, ஆறு மாத அளவில் நிறம் மாறிச் சாம்பலாகும். ஆட்டக்காலத்தில் ஆறு மாதம் கடந்ததும், 23-ஆவது அமர்வின் தொடக்கத்தில், கன்று மயிலையாக நிற்கிறது என்றேன்; சுழிகள் இப்போது தெளிவாகத் தெரிகின்றன என்றும் சொன்னேன். நான்கு சுழிகளைக் குழு சரியாகச் சொன்னது. ஐந்தாவது, திமிலுக்குச் சற்றுப் பின்னால் இருந்தது, பிடிபடவில்லை. இளைஞர் படத்தை மொபைலில் எடுத்து ஊருக்கு அனுப்பி, அப்பாருவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டார். தாய் என்ன நிறம் என்று கேட்டார். அது என் குறிப்பில் இல்லை. செவலை என்று அந்த நொடியில் முடிவு செய்து சொன்னேன். பிறகு அவர் கேட்டார்: "கன்னு எங்க சாமி நிக்குது? வெல பேசீராதீங்க, நாளைக்குக் காலைல நானே வந்து பாத்தர்றன்."

மேசையில் ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள்.